எல்லாமே மாறிப்போச்சு... ஆனாலும் அதே காரா? ஒரு பென்ட்லி வழக்கும் பழைய கார்களின் 'ஜாதகமும்'

1990 ஏப்ரல் 7. இங்கிலாந்தில் ஒரு பழைய காருக்கு விலை பேசி முடித்தார்கள். பென்ட்லி நிறுவனத்தின் 'ஸ்பீடு சிக்ஸ்' ரக ரேஸ் கார் அது. செல்லப் பெயர் 'ஓல்டு நம்பர் ஒன்'. பேசிய விலை 1 கோடி பவுண்டு.

வாங்குவதாகச் சொன்ன நிறுவனம் பிறகு பின்வாங்கியது. 'நீங்க விக்கிற கார், நீங்க சொல்ற அந்தக் காரே இல்லை' என்பது அவர்கள் வாதம். விற்றவர் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்.

நீதிபதி முன்னால் வந்த கேள்வி இதுதான். ஒரு காரின் பாகங்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வருகின்றன. கடைசியில் முதல் நாள் இருந்தது கிட்டத்தட்ட எதுவுமே மிச்சமில்லை. அப்படியென்றால் அது இன்னும் அதே கார்தானா?

கேட்கும்போது விடுகதை மாதிரி இருக்கும். ஆனால் பழைய கார் வாங்குபவர், விற்பவர், வீட்டு ஷெட்டில் தாத்தா காலத்து வண்டியை நிறுத்தி வைத்திருப்பவர் என எல்லோரையும் தொடும் கேள்வி இது. அந்த வழக்கில் என்ன நடந்தது, ஒரு காரின் வரலாறு எப்படிப் பதிவாகிறது, பராமரிப்புக்கும் அந்தப் பதிவுக்கும் என்ன சம்பந்தம் என்று பார்ப்போம்.

அப்படி என்ன பெரிய கார் அது?

பிரான்ஸில் லு மான் என்ற ஊரில் 24 மணி நேரம் தொடர்ந்து நடக்கும் கார் பந்தயம் உலகப் புகழ் பெற்றது. 1929-இல் அந்தப் பந்தயத்தில் முதல் நான்கு இடங்களையும் பென்ட்லி கார்களே பிடித்தன. முதலிடம் பிடித்த காரை ஓட்டியவர்கள் வுல்ஃப் பார்னாடோவும் சர் ஹென்றி பர்கினும். காரில் எழுதியிருந்த பந்தய எண் 1. 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

அடுத்த ஆண்டு, 1930-லும் அதே கார் லு மானில் ஜெயித்தது. இந்த முறை பார்னாடோவுடன் ஓட்டியவர் க்ளென் கிட்ஸ்டன். பார்னாடோ வெறும் ஓட்டுநர் இல்லை. அப்போது பென்ட்லி நிறுவனத்தின் தலைவரே அவர்தான். லு மானில் மூன்று முறை கலந்துகொண்டு மூன்று முறையும் ஜெயித்தவர்.

1930-க்குப் பிறகு பென்ட்லி நிறுவனம் பந்தயங்களில் இருந்து விலகியது. 1931-இல் நிறுவனமே ரோல்ஸ் ராய்ஸ் கைக்குப் போனது. ஆனால் இந்தக் கார் ஓய்வு எடுக்கவில்லை. இங்கிலாந்தில் சர்ரே பகுதியில் உள்ள ப்ரூக்லேண்ட்ஸ் மைதானத்தில் 1931-இல் நடந்த 500 மைல் பந்தயத்தில் ஜாக் டன்ஃபியும் சிரில் பாலும் இதை ஓட்டி வெற்றி பெற்றார்கள்.

ரேஸ் கார் என்றால் ஒவ்வொரு சீசனிலும் ஏதாவது மாறும். ஒரு பந்தயத்தில் தேய்ந்த பாகத்தை அடுத்த பந்தயத்துக்கு முன்னால் கழற்றிப் போடுவார்கள். சட்டகம் வளைந்தால் வேறு சட்டகம். இன்னும் வேகம் வேண்டும் என்றால் பெரிய என்ஜின். ஸ்பீடு சிக்ஸ் என்பது ஆறரை லிட்டர் என்ஜின் கொண்ட கார். 1932-க்கு வரும்போது இந்தக் காருக்குள் உட்கார்ந்திருந்தது 8 லிட்டர் என்ஜின்.

அந்த ஆண்டு செப்டம்பரில் அதே ப்ரூக்லேண்ட்ஸ் 500 மைல் பந்தயம். ஜாக் டன்ஃபியின் தம்பி க்ளைவ் டன்ஃபி காரை ஓட்டிக்கொண்டிருந்தார். சரிவாக உயர்ந்து நிற்கும் கான்கிரீட் வளைவில் கார் விளிம்பைத் தாண்டி வெளியே பாய்ந்தது. க்ளைவ் அந்த இடத்திலேயே இறந்தார். காரின் பாடி உருத்தெரியாமல் போனது.

அத்தோடு கதை முடிந்திருக்கலாம். பார்னாடோ அந்தக் காரைக் குப்பையில் போடவில்லை. மிஞ்சியதை எடுத்து, புதிய பாடி கட்டி, சாலையில் ஓடும் மூடிய காராக மாற்றிக்கொண்டார். பல பத்தாண்டுகள் கழித்து வேறொருவர் கைக்கு வந்தபோது, அது மறுபடி திறந்த ரேஸ் கார் தோற்றத்துக்கு மாற்றப்பட்டது. 1990-இல் விலை பேசப்பட்டது இந்தக் காருக்குத்தான்.

பாகம் பாகமாக எண்ணிப் பார்த்தால்?

நீதிமன்றத்தில் நிபுணர்கள் செய்த வேலை கிட்டத்தட்ட பிரேதப் பரிசோதனை மாதிரி. எந்தப் பாகம் எந்த வருடத்தைச் சேர்ந்தது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். வந்த கணக்கு இது:

* 1929-இல் லு மானில் ஜெயித்த காரிலிருந்து: எந்தக் காலத்தவை என்று உறுதியாகச் சொல்ல முடியாத சில சின்னச் சின்னப் பொருத்துகளைத் தவிர எதுவும் இல்லை.

* 1930-இல் ஜெயித்த காரிலிருந்து: பெடல் ஷாஃப்ட், கியர்பாக்ஸ் உறை, ஸ்டீயரிங் தண்டு. அவ்வளவுதான்.

* 1932-இல் விபத்தில் சிக்கிய காரிலிருந்து: சட்டகம், 8 லிட்டர் என்ஜின், முன் அச்சு, சஸ்பென்ஷன் எனப் பெரும்பகுதி.

அதாவது 'லு மானில் ரெண்டு தடவை ஜெயிச்ச கார்' என்று சொல்லி விற்கப்பட்ட வண்டியில், அந்த வெற்றிகளின்போது இருந்த இரும்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. வாங்க மறுத்த நிறுவனத்தின் பக்கம் நியாயம் இருப்பது போலத்தானே தெரிகிறது?

நீதிபதி என்ன சொன்னார்?

1990 ஜூலையில் நீதிபதி ஆட்டன் தீர்ப்பு சொன்னார். ஜெயித்தது விற்றவர்.

தீர்ப்பின் சாரம் இதுதான். தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நிலையில் அப்படியே இருக்கிறது என்ற அர்த்தத்தில் இதை 'ஒரிஜினல்' என்று சொல்ல முடியாது. அதேசமயம் இது நகலும் இல்லை. எங்கிருந்தோ பாகங்களைப் பொறுக்கி எடுத்து உயிர் கொடுத்த காரும் இல்லை. 1929-இல் தொடங்கி ஒரே காராக, இடையில் அறுந்துபோகாமல், மாறி மாறி வளர்ந்து வந்த வண்டி இது. 'நான்தான் ஓல்டு நம்பர் ஒன்' என்று உரிமை கோரக்கூடிய வேறு எந்த பென்ட்லியும் உலகத்தில் இல்லை. அழிந்துபோன கார்களிலும் இல்லை. எனவே இது உண்மையான ஓல்டு நம்பர் ஒன்தான்.

அதைவிட முக்கியமாக இன்னொன்றும் சொன்னார். அன்றைக்கு விற்பனைக்கு வந்தது வெறும் உலோகம் இல்லை. காரின் வரலாறும் அதன் பெயரும் சேர்த்துத்தான் விற்கப்பட்டன.

நம்ம ஊர் ஆட்களுக்கு இது ரொம்பப் புதிய யோசனை இல்லை. கோயில் தேரில் அச்சு மாறும், சக்கரம் மாறும், உளுத்துப்போன மரத்தை எடுத்துவிட்டுப் புதுசு வைப்பார்கள். ஆனாலும் தேரோட்டம் வந்தால் 'எங்க தாத்தா வடம் பிடிச்ச தேர்' என்றுதான் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ஏனென்றால் எப்போது எது மாறியது என்பது ஊருக்கே தெரியும். நடுவில் தேர் காணாமல் போகவில்லை.

தேருக்கு ஊரே சாட்சி. காருக்கு யார் சாட்சி? காகிதம்தான்.

காரின் 'ஜாதகத்தில்' என்னவெல்லாம் இருக்கும்?

பிரிட்டனில் ஒரு கிளாசிக் கார் விற்பனைக்கு வந்தால், விவரம் தெரிந்தவர்கள் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் ஃபைலைத்தான் கேட்பார்கள். தடித்த ஃபைல் உள்ள கார் ஒரு விலை. ஃபைல் இல்லாத அதே மாடல் வேறு விலை. அந்த ஃபைலில் பொதுவாக இருப்பவை:

தொழிற்சாலைப் பதிவு. ஒவ்வொரு காரும் கட்டி முடிக்கப்பட்டபோது சேசிஸ் எண், என்ஜின் எண், பெயின்ட் நிறம், கட்டிய தேதி, எந்த ஊருக்கு அனுப்பப்பட்டது போன்ற விவரங்களை பேரேட்டில் எழுதி வைத்தார்கள். ஆஸ்டின், மோரிஸ், எம்.ஜி., டிரையம்ப், ரோவர் போன்ற பல பிரிட்டிஷ் கார்களின் இப்படிப்பட்ட ஆவணங்கள் இன்று கேடன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் இருக்கின்றன. கட்டணம் செலுத்தினால் அந்தப் பேரேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். ஜாகுவார், டெய்ம்லர் கார்களுக்கும் இதேபோல தனி அறக்கட்டளை உண்டு.

பதிவுப் புத்தகம். 1920-களிலிருந்து உள்ளாட்சி அலுவலகங்கள் காகித அட்டைப் புத்தகங்களாக இதைக் கொடுத்தன. உரிமையாளர் மாறும்போதெல்லாம் புதிய பெயர் அதில் ஏறும். 1970-களில் இந்த வேலை ஸ்வான்சி நகரில் உள்ள மைய அலுவலகத்தின் கணினிக்கு மாறியது. இப்போது தரப்படுவது 'வி5சி' என்ற ஆவணம். பலர் தவறாக நினைக்கும் ஒரு விஷயம்: வி5சி என்பது வண்டியின் பொறுப்பாளர் யார் என்று காட்டும் ஆவணம், வண்டி யாருக்குச் சொந்தம் என்பதற்கான சட்டபூர்வ ஆதாரம் இல்லை. அதனால்தான் விற்பனை ரசீதும் ஃபைலில் இருக்க வேண்டும்.

பழைய எம்.ஓ.டி. சான்றிதழ்கள். நம்ம ஊர் எஃப்.சி. மாதிரி, பிரிட்டனில் 1960-இல் தொடங்கிய வாகனத் தகுதிச் சோதனை இது. ஒவ்வொரு சான்றிதழிலும் தேதியும் அன்றைக்கு வண்டி ஓடியிருந்த மைல் கணக்கும் இருக்கும். 20 வருடச் சான்றிதழ்களை வரிசையாக அடுக்கினால், மீட்டரைத் திருப்பி வைத்திருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஒர்க்ஷாப் பில்கள், புகைப்படங்கள், கடிதங்கள். எந்த வருடம் என்ஜின் பிரிக்கப்பட்டது, எந்தத் தகடு வெட்டி ஒட்டப்பட்டது என்பதற்கு பில்தான் சாட்சி. கல்யாண ஆல்பத்தில் பின்னால் நிற்கும் காரின் நம்பர் பிளேட்கூடச் சில நேரம் பெரிய ஆதாரமாகிவிடும்.

இந்தக் காகிதங்களின் பலத்தைக் காட்ட ஒரு உதாரணம். மைய அலுவலகக் கணினிக்கு மாறியபோது, தங்கள் காரின் பதிவை 1983-க்குள் மாற்றிக்கொள்ளாதவர்களின் எண்கள் கணினியில் ஏறாமலே விடுபட்டன. ஏதோ ஒரு கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான கார்களின் கதி இதுதான். பின்னாளில் அவற்றைக் கண்டெடுத்தவர்கள் பழைய எண்ணைத் திரும்பப் பெற ஒரு வழி இருக்கிறது: 'வி765' என்ற விண்ணப்பம். பழைய பதிவுப் புத்தகம் போன்ற அந்தக் காலத்து ஆவணம் ஒன்று வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கார் கிளப் ஒன்று காரைப் பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும். ஆவணம் இருந்தால் எண் திரும்ப வரும். இல்லையென்றால் கார் இருந்தும் அதன் பெயர் இல்லை.

எவ்வளவு மாறினால் 'வேற வண்டி'?

ஓல்டு நம்பர் ஒன் போல நீதிமன்றத்துக்குப் போக எல்லோராலும் முடியாது. அரசு அலுவலகத்துக்கு ஒரு கணக்கு வேண்டும். பிரிட்டனின் வாகனப் பதிவு அமைப்பான டி.வி.எல்.ஏ. பல ஆண்டுகள் ஒரு மதிப்பெண் முறையை வைத்திருந்தது. பெரிய மாற்றம் செய்த கார் தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ள குறைந்தது 8 மதிப்பெண் எடுக்க வேண்டும்.

* சேசிஸ் அல்லது பாடி ஷெல்: 5
* சஸ்பென்ஷன்: 2
* அச்சுகள்: 2
* கியர்பாக்ஸ் உள்ளிட்ட டிரான்ஸ்மிஷன்: 2
* ஸ்டீயரிங்: 2
* என்ஜின்: 1

கவனித்தீர்களா? 'என்ஜின்தான் காரோட இதயம்' என்று நாம் சொல்கிறோம். இந்தக் கணக்கில் அதற்கு 1 மதிப்பெண்தான். என்ஜின் தேயும், மாற்றப்படும் என்று அவர்களுக்குத் தெரியும். காரின் அடையாளம் அதன் எலும்புக்கூட்டில் இருக்கிறது என்பதே இந்தக் கணக்கின் அர்த்தம். 2025 ஆகஸ்டில் இந்த விதிகள் தளர்த்தப்பட்டன. இருந்ததைப் போலவே பழுது பார்த்து, தோற்றம் மாறாமல் இருந்தால் தெரிவிக்கவே தேவையில்லை. பெரிய கட்டமைப்பு மாற்றம் செய்தால் தெரிவிக்க வேண்டும், ஆனால் எண்ணைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்று ஆனது.

எலும்புக்கூட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரான கார். பிரிட்டனில் கிளாசிக் கார் என்றாலே பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். இதற்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியே எலும்புக்கூடு. துரு பிடித்தால் கார் முழுக்கப் பலவீனமாகிவிடும். 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம், தொழிற்சாலையில் இருந்த பழைய அச்சுகளையே வைத்து எம்.ஜி.பி.க்குப் புத்தம் புதிய பாடி ஷெல் செய்து விற்கிறது.

யோசித்துப் பாருங்கள். புது ஷெல் வாங்கி, பழைய காரின் என்ஜின், கியர்பாக்ஸ், அச்சு, இருக்கை எல்லாவற்றையும் அதில் மாற்றினால்? சாலையில் ஓட்டுவதற்கு அது பாதுகாப்பான, நேர்மையான வேலை. ஆனால் அதை மறைத்து 'அறுபது வருஷமா துருவே பிடிக்காத ஒரிஜினல் பாடி' என்று விற்றால் அது மோசடி. செய்த வேலை இரண்டிலும் ஒன்றுதான். எழுதி வைத்தாரா, மறைத்தாரா என்பதில்தான் வித்தியாசம்.

பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான 'ஃபிவா'வும் இதையே சொல்கிறது. 2012-இல் அது ஏற்றுக்கொண்ட டூரின் சாசனத்தின்படி, முதலில் இருப்பதைப் பாதுகாக்க வேண்டும். அது முடியாதபோதுதான் புதுப்பிக்க வேண்டும். புதிதாகச் செய்து வைத்த பாகத்தில் அதைக் காட்டும் அடையாளக் குறி இருக்க வேண்டும். செய்த வேலைகள் ஆவணப்படுத்தப்பட வேண்டும்.

இந்தச் சங்கிலி அறுந்தால் என்ன ஆகும்? ஒரு ரேஸ் காரின் சேசிஸ் ஒருவரிடம், அதன் பாடியும் என்ஜினும் இன்னொருவரிடம். இருவரும் தங்களிடம் இருப்பதைச் சுற்றி ஒரு முழு காரைக் கட்டி, ஒரே எண்ணைச் சொந்தம் கொண்டாடுவார்கள். பழைய ரேஸ் கார் உலகில் இது அவ்வப்போது நடக்கிற சண்டை. ஓல்டு நம்பர் ஒன்னைக் காப்பாற்றியதே, அதற்கு இப்படி ஒரு பங்காளி இல்லாததுதான்.

சரி, பராமரிப்பு எப்படி?

பழைய பிரிட்டிஷ் காரை வைத்திருப்பது, வயதான மாட்டை வைத்திருப்பது மாதிரி. தினமும் பார்க்க வேண்டும். ஆனால் பெரிய வித்தை எதுவும் இல்லை. இன்றைய காரில் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சர்வீஸ் விட்டால் போதும். எம்.ஜி.பி.யின் கையேடு சொல்லும் கணக்கு 3,000 மைல், அதாவது சுமார் 4,800 கிலோமீட்டர். முக்கியமானவை இவை:

கிரீஸ். முன் சக்கரம் திரும்பும் கிங்பின்னில் கிரீஸ் நிப்பிள்கள் இருக்கும். கிரீஸ் கன் வைத்து அடிக்க வேண்டும். விட்டுவிட்டால் அது தேய்ந்து, ஸ்டீயரிங் ஆட்டம் கொடுக்கும். இன்றைய கார்களில் இந்த வேலையே இல்லை என்பதால், இளம் மெக்கானிக்குகள் பலர் அந்த நிப்பிளைத் தேடுவதே இல்லை.

கார்புரேட்டர். எஸ்.யு. வகை கார்புரேட்டரின் தலையில் ஒரு மூடி இருக்கும். திறந்தால் உள்ளே மெல்லிய எண்ணெய். அது குறைந்தால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி இருமும். டியூனிங் கெட்டுவிட்டது என்று நினைத்து ஆயிரக்கணக்கில் செலவு செய்வார்கள். தேவைப்படுவது சில சொட்டு எண்ணெய்.

மின்சாரம். 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இன்றைய கார்களுக்கு இது நேர் எதிர். எம்.ஜி.பி. 1967-இல்தான் இன்றைய முறைக்கு மாறியது. தெரியாமல் மாற்றி இணைத்தால், பின்னாளில் பொருத்திய எலக்ட்ரானிக் சாமான்கள் போச்சு.

பெட்ரோல். பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. பழைய என்ஜின்களின் வால்வு சீட்டை அந்த ஈயம்தான் தேயாமல் காத்தது. அதனால் என்ஜினைப் பிரிக்கும்போது கடினமான வால்வு சீட் போடுகிறார்கள். இல்லையென்றால் அதற்கான சேர்மானத்தை பெட்ரோலில் கலக்கிறார்கள். 2021 செப்டம்பரில் 10 சதவீதம் எத்தனால் கலந்த 'இ10' பெட்ரோல் அங்கே சாதாரண பெட்ரோலாக மாறியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் ஹோஸ், வாஷர்களை அரிக்கும். பெட்ரோல் கசிந்தால் தீ அபாயம். அதனால் எத்தனாலைத் தாங்கும் புதிய ஹோஸ் மாற்றுவது முதல் வேலை.

துரு. இதுதான் நிஜமான எதிரி. கதவுக்குக் கீழே பெட்டி போல ஓடும் தகட்டை முதலில் பார்க்க வேண்டும். மேலே பளபளவென்று பெயின்ட் அடித்து உள்ளே ஓட்டையை மறைப்பது பழைய தந்திரம். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஓட்டிப் பார்த்தால், பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது.

பிரிட்டனில் 40 வயது தாண்டிய கார்களுக்கு, கடந்த 30 ஆண்டுகளில் பெரிய மாற்றம் செய்யப்படவில்லை என்றால், 2018 மே மாதத்திலிருந்து எம்.ஓ.டி. சோதனை கட்டாயம் இல்லை. சாலை வரியும் பூஜ்ஜியம்தான். கேட்க நல்ல சலுகை. ஆனால் இதில் இரண்டு இழப்புகள். ஒன்று, வருடத்துக்கு ஒருமுறை வெளி ஆள் ஒருவர் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் பார்க்கும் வாய்ப்பு போகிறது. இரண்டாவது, ஃபைலில் ஒவ்வொரு வருடமும் சேர்ந்துகொண்டிருந்த ஒரு சாட்சிக் காகிதம் நின்றுபோகிறது. கட்டாயம் இல்லாவிட்டாலும் சிலர் காசு கட்டிச் சோதனைக்குப் போகக் காரணம் இதுதான்.

ஆகவே பழைய கார் வைத்திருப்பவரின் டூல் பாக்ஸில் ஸ்பேனரோடு ஒரு நோட்டும் பேனாவும் இருக்க வேண்டும். தேதி, மீட்டர் அளவு, செய்த வேலை, போட்ட பாகம், யார் செய்தார், எவ்வளவு செலவு. ஆறே விஷயங்கள். எழுத ஒரு நிமிடம்.

நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. 2014 வரை தயாரான அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வாரிசு. அதில் பல வருடங்கள் இருந்த 1,489 சிசி பெட்ரோல் என்ஜினும் எம்.ஜி.பி. என்ஜினும் ஒரே குடும்பம்.

இன்னும் பக்கத்தில் வந்தால், சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு', அசல் டிரையம்ப் ஹெரால்டுதான். இந்த வண்டியின் முன் சக்கரத்தைத் தாங்கும் கீழ் இணைப்பான 'ட்ரன்னியன்' பற்றி ஒரு எச்சரிக்கை உலகம் முழுக்க ஹெரால்டுக்காரர்கள் மத்தியில் பிரபலம். அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது. கெட்டியான கியர் ஆயில் ஊற்ற வேண்டும். கிரீஸ் உள்ளே மரையோடு மேலேறாது, வறண்டு தேயும். ஒருநாள் தாங்கி உடைந்து சக்கரம் மடங்கிவிடும். இங்கே ஒரு ஹெரால்டு வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியே 'ட்ரன்னியனுக்கு என்ன போட்டீங்க, எப்போ போட்டீங்க?' என்பதுதான். பதில் நோட்டில் இருந்தால் நிம்மதி.

சட்டத்திலும் அதே பென்ட்லி கேள்வி இங்கே வந்துவிட்டது. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதிகளை அறிவித்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி ஷெல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000, பதிவு 10 ஆண்டுகள் செல்லும். புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்கு 'வி.ஏ.' வரிசையில் எண் தருவார்கள். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தினசரி உபயோகத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது.

இந்தியாவில் ஏற்கெனவே ஓடிய வண்டிக்கு இந்தப் பதிவு கேட்டால் பழைய ஆர்.சி. வேண்டும். பல குடும்பங்கள் தடுக்கி விழுவது இங்கேதான். கார் ஷெட்டில் நிற்கும். ஆர்.சி. புத்தகம் எங்கேயோ போயிருக்கும். பெயர் இன்னமும் தாத்தா பெயரிலேயே இருக்கும்.

வீட்டில் பழைய வண்டி இருந்தால் இந்த வாரக் கடைசியிலேயே செய்யக்கூடியவை:

* ஆர்.சி., பழைய இன்சூரன்ஸ், வரி ரசீதுகளைத் தேடி எடுத்து ஸ்கேன் செய்து வையுங்கள்.

* சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் துடைத்துப் படம் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் எப்போது, ஏன் மாறியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

* குடும்ப ஆல்பத்தில் கார் தெரியும் படங்களைத் தனியே எடுத்து, பின்னால் வருடம் எழுதுங்கள்.

* டிங்கரிங், பெயின்டிங் வேலைக்கு விடும்போது முன்னும் பின்னும் படம் எடுங்கள். கழற்றிய பழைய பாகத்தை 'பழைய இரும்பு' என்று போட்டுவிடாமல், முடிந்தவரை சீட்டு ஒட்டி எடுத்து வையுங்கள்.

* உரிமையாளர் இறந்திருந்தால் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வருடம் ஏற ஏறக் காகிதம் குறையும். கையெழுத்துப் போட வேண்டியவர்கள் கூடிக்கொண்டே போவார்கள்.

ஓல்டு நம்பர் ஒன் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்தப் பாகம் எந்த வருடத்தில் உள்ளே வந்தது என்று நிபுணர்கள் பிரித்துச் சொன்னார்களே, அந்தப் பட்டியலைப் பார்த்தால் காருக்கு எதிரான ஆதாரம் போலத்தான் தெரியும். ஆனால் அப்படி ஒரு பட்டியல் போட முடிந்ததே, அந்தக் காரின் ஒவ்வொரு கட்டமும் யாருக்கோ தெரிந்திருந்ததால்தான். பாடி போனது, என்ஜின் போனது, சட்டகம்கூடப் போனது. கடைசிவரை தொலையாமல் இருந்தது அதன் கதை. 1 கோடி பவுண்டு விலை பேசப்பட்டதும் அதற்குத்தான்.